ரஹீம் சாகிப்

1952ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியக் காற்பந்துக் குழு யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. குளிர்நாட்டு மைதானம். எதிரணியினர் காலில் பூட்சு. நம்மவரில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஓடினர். அக்குழுவின் பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். அந்தத் தோல்விக்குப் பின்னரே அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் பூட்சு அணிவதைக் கட்டாயமாக்கிற்று. ஒரு விதி பிறக்க எத்தனை கால்கள் மிதிபட வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

ரஹீம் 1909இல் ஹைதராபாதில் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பள்ளி ஆசிரியரானார். பின் உடற்கல்வியும் பயின்றார். 1950 முதல் ஹைதராபாத் நகரக் காவல்துறைக் குழுவையும் இந்தியக் குழுவையும் ஒருசேரப் பயிற்றுவித்தார். காவல்துறைக் குழு 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. (2024இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்த பிறகே எங்களில் பலர் இப்பெயரை அறிந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.)

அவர் கற்பித்த முறையில் ஆசிரியரின் கை தெரியும். பலங்குன்றிய காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தைக் காலோடு உருட்டிச் செல்லக் கூடாது என்று இன்னொரு போட்டி வைப்பார். பந்தை விரைவில் பிறருக்குக் கொடுத்துவிடுபவன் மேல் எதிரி வந்து மோதவும் நேரம் குறைவு என்பது என் எண்ணம்.

இனி 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை வென்றபோது தற்காப்பு ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை பிளந்தது, தையல் போட்டார்கள். ஜப்பானுடன் நடந்த ஆட்டத்தில் அவர் இல்லை. ஆனால் அரையிறுதியில் ரஹீம் அவரை மீண்டும் இறக்கினார், அதுவும் முன்கள ஆட்டக்காரராக! பந்தைத் தலையால் முட்ட வேண்டிய இடம் அது. தென் வியட்நாமை 3-2 என்று வென்றோம். செப்டம்பர் 4ஆம் நாள் இறுதி ஆட்டம். இஸ்ரேலும் தைவானும் சேர்க்கப்படாததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்திருந்ததால் ஊரே நமக்கு எதிராகக் கூச்சலிட்டது. காய்ச்சலில் கிடந்து எழுந்த தங்கராஜ் கோல் காத்தார். பி. கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். தென் கொரியா 2-1 என்று தோற்றது. தங்கம் நமக்கு!

இங்கேதான் என் மனம் தயங்குகிறது. ரஹீம் அதட்டி ஆட வைத்தவரல்லர். ஆட்டக்காரர்கள் அவரைத் தந்தைபோல் மதித்தனர். அதனால்தான் கேட்கிறேன்: அத்தகைய ஒருவரிடம் முடியாது என்று சொல்ல எந்த மாணவனுக்கு வாய் வரும்? ஜர்னைல் பின்னர் இந்தியக் குழுவின் தலைவராகி, 2000ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார் என்பது உண்மையே. அவருக்கு ஒன்றும் நேராததால் அம்முடிவு சரியாகிவிடாது. இன்று தலையில் அடிபட்டவருக்காகத் தனியே ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க ஆட்ட விதிகளே வழி செய்துள்ளன. அன்று பயிற்சியாளரின் மனமே மருத்துவர், மனமே விதி. அவரைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. அக்காலத்தில் வேறு பயிற்சியாளர்களும் அப்படியே செய்திருப்பார்கள்.

அவர் தம் உடலையும் அவ்வாறே நடத்தினார். அந்தத் தங்கம் வந்து ஓராண்டு முடிவதற்குள், 1963 ஜூன் 11ஆம் நாள், புற்றுநோய் அவரைக் கொண்டுபோயிற்று. வயது 53. இறக்கும்வரை காவல்துறைக் குழுவின் பயிற்சியாளர் அவர்தாம்.