ஒளியின் நிறமாற்றங் கண்டவர்

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்கும் அனலைதீவுக்கும் வள்ளமேறிச் செல்வோர், கரையோரத்துப் பசிய நீர் ஆழஞ்செல்லச் செல்ல நீலமாவதைக் கண்டிருப்பர். ஆழ்கடலின் நீலம் வானின் பிரதிபலிப்பே என்பது றேலி பிரபுவின் கொள்கை. அதில் ஐயங்கொண்ட தமிழர் ஒருவர், 1921-ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட் மாநாடு முடிந்து ‘நர்க்குண்டா’க் கப்பலில் மீள்கையில், சிறிய நிக்கோல் பட்டகமொன்றின் வழியே கடலை நோக்கினார். நீர்ப்பரப்பில் தெறித்த வானொளியைப் பட்டகம் விலக்கிற்று, நீலமோ அகலவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறுகின்றன எனத் தெளிந்தார். அவரே சந்திரசேகர வேங்கட இராமன்.

1888 நவம்பர் 7-இல் திருவானைக்காவிற் பிறந்த இராமன், சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-இல் எம். ஏ. பட்டம் பெற்று, அவ்வாண்டே இந்திய நிதி இலாகாவில் உயர்பதவி ஏற்றுக் கல்கத்தா சென்றார். கந்தோர் நேரத்துக்கு முன்னும் பின்னும் பௌபசார் வீதி 210-ஆம் இலக்கத்து விஞ்ஞானக் கழகமே அவருக்கு வீடாயிற்று. பத்தாண்டு கழிந்ததும், பெருஞ்சம்பளத்தைத் துறந்து, அதனிற் குறைந்த ஊதியமுள்ள பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். அரசாங்க உத்தியோகத்தைப் பிறவிப்பயனாகக் கருதும் நம் பெற்றோர் இதனை எங்ஙனம் பொறுத்திருப்பரோ!

1928 பெப்ரவரி 28-இல் பெரும்பேறு கிட்டிற்று. இரசவாவி விளக்கின் ஒருநிற ஒளி திரவத்திற் புகுந்து சிதறுகையில், அதில் மிக அற்பமான பகுதி வேறு நிறங்கொண்டு வெளிவந்தது. மூலக்கூறு தன் அதிர்வுக்கென ஒளியின் சத்தியிற் சிறிது கவர்ந்துகொள்வதே காரணம். உடனுழைத்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1930-இல் நொபெல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணனின் பங்கு இதனினும் உரக்கப் பேசப்பட்டிருக்க வேண்டுமென்பது நம் கருத்து. 1933-இல் பெங்களூர் விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநரானார். 1948-இல் தம் பெயரிலேயே ஆய்வகம் நிறுவினார். 1970 நவம்பர் 21-இல் மறைந்தார்.

இராமன் வாழ்ந்தகாலத்திலேயே, 1960-இல், மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். 1962-இல் சிவப்புமணி லேசரின் கற்றை நைத்திரோபென்சீன் திரவத்தினூடு சென்றபோது, அற்பமாயிருந்த இராமன் ஒளி தானே வலிய கற்றையாய் எழுந்தது. 1964-இல் குமார் பட்டேல் என்னும் இந்தியர் அமெரிக்காவிற் காபனீரொட்சைட்டு லேசரை ஆக்கினார். 10.6 மைக்குறோமீற்றர் அலைநீளங்கொண்ட அவ்வொளி பலகை, துணி, அக்கிரிலிக்கு ஆகியவற்றை இன்றும் நன்கு வெட்டும். செம்பும் பித்தளையும் அதனைப் பெரிதும் தெறித்துவிடும். அதனைக் கண்ணாடி இழையிற் செலுத்தவியலாது. ஆடிகளாலேயே திருப்ப வேண்டும். இற்றேபியம் கலந்த இழைலேசரின் ஒளியோ 1.07 மைக்குறோமீற்றர் அளவினது. உலோகம் அதனை எளிதில் உட்கொள்ளும். உருக்குத் தகட்டுக்கு ஒட்சிசனை ஊதினால் இரும்பு எரிந்தே வெட்டுக்குத் துணைபுரியும். துருவேறா உருக்குக்கோ விளிம்பு கருகாதிருக்க நைதரசனை ஊதுவர்.

இங்கேதான் இராமன் மீண்டும் எதிர்ப்படுகின்றார். பல கிலோவாற்று வலு, மயிரனைய இழையில் நெடுந்தூரம் ஓடுகையில், கண்ணாடியின் மூலக்கூறுகள் அவர் கண்டவாறே சத்தியைக் கவர்கின்றன. ஏறத்தாழ 1080 நனோமீற்றர் ஒளியின் ஒரு பகுதி 1130-ஐ அண்டிய வேறொளியாகிவிடும். வலு மிகுந்தால் அவ்வேறொளியும் பெருகி, பொறியையே பழுதாக்கும். ஆகவே இழைலேசர் அமைக்கும் பொறியியலாளர் இழையின் அகட்டைப் பருமனாக்கியும், நீளத்தைக் குறுக்கியும், அம்மாற்றம் தலையெடாவண்ணம் காத்துவருகின்றனர்.