தொழில் திறமை பிறவிச் சொத்தா?

வியாபாரத் திறமை சில குலத்தாருக்கே பிறவியில் வாய்ப்பது என்றும், ஏனையோர் உத்தியோகத்தை நாடுவதே விவேகம் என்றும் நம்மவரிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அது எவ்வளவு தூரம் சரி என்பதைச் சாமிக்கண்ணு வின்சென்ட் அவர்களின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

1883-ல் கோயமுத்தூரில் பிறந்த அவர், திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே காரியாலயத்தில் வரைபடம் எழுதும் உத்தியோகத்தில் இருந்தார். சம்பளம் மாதம் 25 ரூபாய். 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரர் சலனப் படங்களைக் காட்டிக்கொண்டு திருச்சிக்கு வந்தார். அங்கே நோயுற்று, தாயகம் திரும்ப எண்ணி, யந்திரத்தையும் படச்சுருள்களையும் விற்க முன்வந்தார். பல வருஷச் சம்பளத்துக்கு ஈடான தொகையைத் திரட்டி வின்சென்ட் அவற்றை வாங்கினார். நிரந்தர உத்தியோகத்தையும் துறந்தார்.

காட்சியைக் கண்டு வியந்தோர் பலர். வாங்கத் துணிந்தவர் ஒருவரே. அத்துணிவு பிறவிக் குணம் என்போரை நாம் மறுக்கவில்லை. ஆனால், துணிவு மட்டும் யந்திரத்தை இயக்கிவிடாது. வரைபடங்களில் பழகிய கண்ணும் கையும் உத்தியோகம் தந்தவை. வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் திரளும் ஜனசமுத்திரத்தைத் திருச்சிவாசிகள் ஆண்டுதோறும் காண்கிறார்கள். ஜனங்கள் கூடுமிடம் நாடிச் செல்லவேண்டும் என்ற பாடத்துக்கு அதனினும் சிறந்த பள்ளிக்கூடம் ஏது?

கூடாரத்துடன் வட இந்தியா வரை ஊர் ஊராகச் சென்று அவர் காட்சிகள் நடத்தினார். அந்தப் பிரயாணங்களே அவருக்குக் கலாசாலை. பின்னர் 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையை நிறுவினார். மின்சார வசதி பரவாத அக்காலத்தில் தாமே மின்சாரம் உண்டாக்கி, அதனைக் கொண்டு அச்சுக்கூடமும் நடத்தினார். 1933-ல் வெளிவந்த வள்ளி திருமணம் என்ற பேசும் படத் தயாரிப்பிலும் பங்குகொண்டார். 1942-ல் காலமானார். கோவையில் வெரைட்டி ஹால் சாலை அவர் தொழிலை நினைவூட்டி நிற்கிறது.

அவர் வணிகக் கல்லூரியில் பயின்றவரல்லர். ஆயினும், கற்காதவர் என்று அவரைச் சொல்லலாகாது. பிறவியில் எவருக்கு என்ன வாய்த்தது என்று அளக்க நம்மிடம் தராசு இல்லை. கற்பிக்கக்கூடியதைக் கற்பியாமலும், முதற்பொருளுக்கு வழி காட்டாமலும், ஒரு முறை நஷ்டமடைந்தவனை ஏளனம் செய்தும் வந்துவிட்டு, நம் வாலிபர்களின் பிறவியைக் குறை கூறுவது நியாயமாகாது. பெற்றோரும் சர்க்காரும் இதனைச் சிந்திப்பார்களாக.