120 ஹெர்ட்ஸ் டிஸ்ப்ளே தெரியும்... ஹெர்ட்ஸ் என்ற மனிதரைத் தெரியுமா?

புது போன் வாங்கப் போனா, டிஸ்ப்ளே எத்தனை ஹெர்ட்ஸ்னு பார்க்காம யாரும் வாங்குறதில்லை. 90-ஆ, 120-ஆ, 144-ஆ என்று அலசி ஆராய்வோம். வைஃபை ரவுட்டர்ல 2.4 ஜிகாஹெர்ட்ஸ். கார்ல எஃப்.எம். போட்டா மெகாஹெர்ட்ஸ். இப்படித் தினமும் நம்ம வாயில வந்து போற இந்த ஹெர்ட்ஸ், ஒரு மனிதரோட குடும்பப் பெயர்.

ஜெர்மனிக்காரர். முழுப்பெயர் ஹெய்ன்ரிச் ருடால்ஃப் ஹெர்ட்ஸ். வாழ்ந்தது வெறும் 36 வருஷம். ரேடியோ அலைகள் இருப்பதைச் சோதனை மூலம் நிரூபித்தவர். ஹாம் ரேடியோ ஆர்வலர்கள் இன்றைக்கும் மொட்டைமாடியில் இழுத்துக் கட்டுகிற ஒயர் ஆன்டெனாவுக்கு மூதாதையும் இவர் செய்த கருவிதான். ஆனா, இதை வெச்சு ஒரு நாள் உலகமே பேசிக்கும்னு அவர் எதிர்பார்க்கலை. அவர் போட்ட கணக்கு வேற விடை சொல்லிச்சு. சுவாரஸ்யம் என்னன்னா, அந்தக் கணக்கு தப்பும் இல்லை!

லேத் ஓட்டிய வக்கீல் மகன்

1857 பிப்ரவரி 22. ஹாம்பர்க் நகரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தார் ஹெய்ன்ரிச். அப்பா வக்கீல். பையனுக்குப் புத்தகமும் பிடிக்கும், சுத்தியலும் பிடிக்கும். ஒரு பக்கம் அரபு மொழி படிச்சார். இன்னொரு பக்கம் வீட்டிலேயே மரவேலை, லேத் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொழிற்பள்ளிக்குப் போய் வரைபடம் போடக் கத்துக்கிட்டார். தனக்கு வேண்டிய கருவியைத் தானே செஞ்சுக்கிற இந்தக் கைப்பழக்கம்தான் பின்னாடி அவரைக் காப்பாத்தப்போகுது.

முதலில் இன்ஜினீயர் ஆகத்தான் ஆசைப்பட்டார். ஃபிராங்க்ஃபர்ட்டில் கட்டுமான வேலை பழகினார், டிரெஸ்டனில் படித்தார், ஒரு வருஷம் ராணுவத்தில் ரயில்வே படைப்பிரிவில் இருந்தார். 1877-ல் மியூனிக் போனபோது மனசு மாறிடுச்சு. இயற்பியல்தான் வேணும்னு அப்பாவுக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் கேட்டார். அப்பாவும் சரின்னுட்டார்.

அடுத்த வருஷமே பெர்லின். அங்கே குரு, அந்தக் காலத்து ஜெர்மனியின் பெரிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ்.

வேணாம்னு விட்ட போட்டி

அப்போ இயற்பியல் உலகத்தில் ஒரு பெரிய கேள்வி ஓடிக்கிட்டிருந்தது. ஸ்காட்லாந்துக்காரர் மேக்ஸ்வெல், 1860-களிலேயே ஒரு கோட்பாட்டை எழுதி வெச்சிருந்தார். மின்சாரமும் காந்தமும் சேர்ந்தால் அலையாகப் பரவும், ஒளியும் அப்படிப்பட்ட ஓர் அலைதான் என்பது அதன் சாரம். கணிதம் அழகா இருந்தது. ஆனா, ஒளியைத் தவிர வேறு எந்த மின்காந்த அலையையும் உருவாக்கி, இதோ பாருங்கன்னு யாரும் காட்டலை. 1879-ல் மேக்ஸ்வெல்லும் இறந்துட்டார்.

அதே வருஷம், இந்தக் கோட்பாட்டின் ஒரு பகுதியைச் சோதனை செய்து காட்டுபவருக்குப் பரிசு என்று பெர்லின் அகாடமி அறிவிச்சது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் கை காட்டினது 22 வயசு ஹெர்ட்ஸை. ஹெர்ட்ஸ் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இதுக்குத் தேவையான வேகத்தில் மின்சாரத்தை அதிர வைக்க, கையில் இருக்கிற கருவிகள் பத்தாது. அதனால வேணாம்னு விட்டுட்டார். ஆனா மறக்கலை.

இருட்டு அறையில் ஒரு பொறி

1885-ல் கார்ல்ஸ்ரூ நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அடுத்த வருஷம், சக ஆசிரியரின் மகள் எலிசபெத்துடன் கல்யாணம். அந்த வருஷக் கடைசியில்தான் திருப்பம்.

வகுப்பில் காட்டுவதற்காக வெச்சிருந்த இரண்டு கம்பிச் சுருள்களைச் சோதிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். ஒன்றின் வழியாக மின்சாரத்தைப் பாய்ச்சினபோது, இன்னொன்றில் குட்டியா ஒரு பொறி. வேற யாராவது இருந்திருந்தா பாடத்தை நடத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. ஹெர்ட்ஸுக்கு ஏழு வருஷத்துக்கு முன்னாடி விட்ட போட்டி ஞாபகம் வந்தது. பொறி சும்மா வெடிச்சு அணையறதில்லை, அந்த நொடியில் மின்சாரம் படுவேகமா அங்கும் இங்கும் ஊசலாடுதுன்னு புரிஞ்சுக்கிட்டார். அவர் தேடிக்கிட்டிருந்த வேகம் இதுதான்.

கருவி ரொம்ப சிம்பிள். 2.6 மீட்டர் நீளத்துக்கு ஒரு செம்புக் கம்பி. இரண்டு முனையிலும் 30 சென்டிமீட்டர் அகலத்தில் துத்தநாக உருண்டைகள். கம்பியின் நடுவில் முக்கால் சென்டிமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளியில் இண்டக்‌ஷன் காயில் மூலம் பொறி பறக்கவிட்டார். நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் நீட்டி, நடுவில் மின்சாரம் கொடுப்பது... இதுக்குத்தான் இன்னிக்கு டைபோல்னு பேரு.

ரிசீவர் இன்னும் சிம்பிள். வளைச்ச ஒரு கம்பி, முனைகளுக்கு நடுவில் தலைமுடியைவிட மெல்லிய இடைவெளி. அலை வந்து தொட்டால் அங்கே ஒரு பொறி தெறிக்கும். அது எவ்வளவு சின்னதுன்னா, அறையை இருட்டாக்கிட்டு, கண்ணை இருட்டுக்குப் பழக்கிட்டு, பக்கத்தில் போய் உத்துப் பார்த்தாத்தான் தெரியும்.

பொறி நல்லாத் தெரியட்டுமேன்னு ரிசீவரை ஒரு பெட்டிக்குள் மறைச்சுப் பார்த்தார். பொறி இன்னும் சின்னதாயிடுச்சு! ஏன்னு துருவினதில், பெரிய பொறியிலிருந்து வர்ற புற ஊதா ஒளி சின்னப் பொறிக்கு உதவி செய்யுதுன்னு தெரிஞ்சது. 1887-ல் அதையும் எழுதி வெளியிட்டுவிட்டு, தன் வேலைக்குத் திரும்பிட்டார். பின்னாளில் ஐன்ஸ்டீனுக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த ஒளிமின் விளைவுக்கு அதுதான் ஆரம்பம். போற போக்கில் செஞ்சது!

அலையை அளந்த மனிதர்

பொறி வந்தா மட்டும் அலைன்னு நிரூபணம் ஆயிடாதே? அலைன்னா அதுக்கு ஒரு நீளம் இருக்கணும்.

1888-ல் வகுப்பறைச் சுவரில் 4 மீட்டர் உயரம், 2 மீட்டர் அகலத்தில் துத்தநாகத் தகடு ஒன்றை மாட்டினார். ஆன்டெனாவிலிருந்து கிளம்பும் அலை தகட்டில் மோதித் திரும்பும். போற அலையும் வர்ற அலையும் சேர்ந்தால், சில இடங்களில் துள்ளல் அதிகமாகும், சில இடங்களில் ஒண்ணுமே இருக்காது. ரிசீவரைக் கையில் பிடிச்சுக்கிட்டு, அந்த இருட்டில் அடி அடியா நகர்ந்து, எங்கே பொறி வருது, எங்கே சாகுதுன்னு குறிச்சார். அரை அலையின் நீளம் 4.8 மீட்டர். அப்போ முழு அலை 9.6 மீட்டர்.

இன்றைய கணக்கில் சுமார் 31 மெகாஹெர்ட்ஸ். ஹாம் ரேடியோக்காரர்களின் 10 மீட்டர் பேண்டுக்குப் பக்கத்து வீடு!

அடுத்து, 26 சென்டிமீட்டர் நீளத்துக்குக் குட்டி ஆன்டெனா செஞ்சார். அலையும் குட்டியாச்சு, 66 சென்டிமீட்டர். துத்தநாகத் தகட்டை வளைச்சு ஆள் உயரத்துக்கும் மேல குழியாடி செஞ்சு, அலையை டார்ச் லைட் மாதிரி ஒரே திசையில் அனுப்பினார். மூடின மரக்கதவைத் தாண்டி அடுத்த அறையிலும் பொறி வந்தது. 600 கிலோ கீலை வார்த்துப் பட்டகம் செஞ்சு, ஒளியைப் போலவே இந்த அலையும் வளையுதுன்னு காட்டினார். மேக்ஸ்வெல் ஜெயிச்சுட்டார்.

நடுவில் ஒரு சறுக்கலும் உண்டு. அதிர்வு வேகத்தைக் கணக்கிட்டதில் ஒரு பிழை. பிரெஞ்சு கணித மேதை பாயின்கரே அதைச் சுட்டிக் காட்ட, ஹெர்ட்ஸ் தன் புத்தகத்திலேயே அதை ஒப்புக்கொண்டார்.

அதே கணக்கு, உங்க மொட்டைமாடியில்

கம்பி சின்னதானா அலையும் சின்னது, கம்பி பெருசானா அலையும் பெருசு. ஏன் இப்படி? வீணைத் தந்தியை நினைச்சுக்கோங்க. மீட்டினா இரண்டு முனையும் அசையாது, நடுவில்தான் ஆட்டம் அதிகம். ஒயர் ஆன்டெனாவில் மின்னோட்டமும் அப்படித்தான். முனைகளில் பூஜ்யம், நடுவில் உச்சம். ஒயர், அலையில் பாதி நீளம் இருந்தா, முனைக்குப் போய்த் திரும்பும் மின்னோட்டம் சரியா அடுத்த தள்ளலோடு சேர்ந்துக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுற மாதிரி.

ஹாம் ரேடியோக்காரர்களுக்கு இது மனப்பாடம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலை சுமார் 42 மீட்டர், பாதி 21 மீட்டர். நிஜ ஒயரில் முனைகளின் பாதிப்பால் 5 சதவிகிதம் குறையும். ஆக, 20 மீட்டர் ஒயர். நடுவில் வெட்டினா பக்கத்துக்கு 10 மீட்டர்.

நடுவில் ஒரு பிளாஸ்டிக் பைப் துண்டு. கோஆக்சியல் கேபிளின் உள்கம்பி ஒரு பக்கத்துக்கு, மேல் பின்னல் இன்னொரு பக்கத்துக்கு. கேபிளை அந்த இடத்தில் சில சுற்று சுத்தி விட்டா, மின்னோட்டம் கேபிளின் வெளிப்பக்கமா வழியறது குறையும். முனைகளில் இன்சுலேட்டர் வெச்சு, நைலான் கயிற்றில் இழுத்துக் கட்டணும். ஒயரை முதலிலேயே கொஞ்சம் நீளமா வெட்டிக்கிட்டு, எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துப் பார்த்து நறுக்குவாங்க. நீளமா இருந்தா நறுக்கிக்கலாம், குட்டையாயிட்டா ஒட்டுப் போடணுமே! கரன்ட் கம்பி பக்கம் மட்டும் போகவே கூடாது. இதில் பேசணும்னா மத்திய அரசின் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கணும்.

கூரைமேல் இப்படி ஒயர் கட்டிப் பேசுறவங்க உயிர்களையும் காப்பாத்தியிருக்காங்க. 2004 சுனாமியில் அந்தமானின் தகவல் தொடர்பு அறுந்தபோது, அங்கே இருந்த ஹாம் ரேடியோக் குழுதான் செய்திகளை வெளியே கொண்டுவந்தது.

கண்டம் அளவுக்கு ஒரு கண்ணாடி

இப்போ ஹெர்ட்ஸ் போட்ட அந்தக் கணக்குக்கு வருவோம். 1889 டிசம்பர். அப்போ அவர் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மியூனிக்கைச் சேர்ந்த ஹூபர் என்ற பொறியாளர் அவருக்கு ஒரு கேள்வி அனுப்பினார். டெலிபோனில் ஓடுற குரல் மின்சாரத்தை உங்க அலை மாதிரி அனுப்ப முடியுமா?

ஹெர்ட்ஸ் கணக்குப் போட்டார். குரலின் அதிர்வு நொடிக்கு ஆயிரம் என்ற அளவில்தான் இருக்கும். அப்போ அலையின் நீளம் 300 கிலோமீட்டர். அதைத் திருப்பி அனுப்பணும்னா, குழியாடி ஒரு கண்டம் அளவுக்கு இருக்கணும். நடக்காத காரியம்னு பதில் எழுதிட்டார்.

கணக்கு நூத்துக்கு நூறு சரி. குரலை நேரடியா அலையாக்கினா, அரை அலை டைபோலுக்கே 150 கிலோமீட்டர் ஒயர் வேணும்! பின்னால் வந்தவங்க வேற வழி பிடிச்சாங்க. வேகமா அதிரும் ஓர் அலையை எடுத்து, அதன் முதுகில் குரலை ஏத்தி அனுப்பினாங்க. கண்டம், மொட்டைமாடிக்குள் அடங்கிடுச்சு. அதைப் பார்க்கத்தான் ஹெர்ட்ஸ் இல்லை.

36 வயசு

பான் வந்த கொஞ்ச காலத்திலேயே உடம்பு படுத்த ஆரம்பிச்சது. பல் வலி, மூக்கில் தொற்று, தாங்க முடியாத தலைவலி. ஆபரேஷன் மேல ஆபரேஷன். நோய் என்னன்னே அன்றைய டாக்டர்களுக்குப் பிடிபடலை. அத்தனை வலியிலும் இயந்திரவியல் பற்றி ஒரு புத்தகம் எழுதி முடிச்சார். அச்சில் பார்க்கக் கொடுத்துவைக்கலை. 1894 ஜனவரி 1-ம் தேதி, எலிசபெத்தையும் இரண்டு பெண் குழந்தைகளையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அதே வருஷம் கோடையில், மலைப்பகுதியில் விடுமுறையில் இருந்த 20 வயசு இத்தாலிப் பையன் ஒருத்தன், ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்ட ஓர் அஞ்சலிக் கட்டுரையைப் படிச்சான். இந்த அலையில் தந்தி அனுப்பினா என்னன்னு அவனுக்குத் தோணுச்சு. அவன் பேர் மார்க்கோனி. 1901-ல் அவனோட சிக்னல் அட்லான்டிக்கைத் தாண்டிடுச்சு.

ஹெர்ட்ஸின் அப்பா வழி முன்னோர் யூதர்கள் என்பதால், நாஜி ஆட்சியில் ஹாம்பர்க் நகர மன்றத்தில் இருந்த அவர் படத்தைக் கழட்டினாங்க. எலிசபெத்தும் மகள்களும் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாச்சு. படத்தைக் கழட்டினவங்க காணாமப் போயிட்டாங்க. 1960-ல், அதிர்வெண்ணின் சர்வதேச அலகாக ஹெர்ட்ஸ் என்ற பெயரையே உலகம் ஏத்துக்கிட்டது. படமும் திரும்ப வந்துடுச்சு.

உங்க போன் வைஃபையில் ஓடும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். அரை அலை, ஆறேகால். உங்க விரல் நீளம்தான். 150 கிலோமீட்டரில் முடியாதுன்னு நின்ன அதே வகுத்தல் கணக்கு, இன்னிக்கு நம்ம உள்ளங்கைக்குள்ள இருக்கு.