இருட்டைத் தேடிப் போன விஞ்ஞானி: வைணு பாப்பு யார்? அந்தமானுக்கு அவர் கதை ஏன் முக்கியம்?

அந்தமானில் ஹோட்டல் விளக்குகளை விட்டு விலகி, மேகமில்லாத அமாவாசை இரவில் கடற்கரையில் நின்றால், பால்வீதி வெறும் கண்ணுக்கே தெரியும். சென்னை மொட்டை மாடியில எவ்வளவு நேரம் நின்னாலும் அது கிடைக்காது. இந்த இருட்டின் மதிப்பை அரை நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தவர் வைணு பாப்பு.

யார் இவர்?

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தார். அப்பாவுக்கு ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. அதனால் டெலஸ்கோப் பக்கத்திலேயே வளர்ந்த பையன். 1949-ல் ஹார்வர்டில் படிக்கப் போனார். அதே ஆண்டு ஒரு புதிய வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். 'பாப்பு-பாக்-நியூகிர்க்' என்று இன்றும் அதில் அவர் பெயர் இருக்கிறது. பிறகு ஓலின் வில்சனுடன் சேர்ந்து, ஒளியில் பதியும் கால்சியம் கோட்டின் அகலத்தை வைத்து சில வகை நட்சத்திரங்களின் உண்மையான பிரகாசத்தைக் கணிக்கும் வழியைச் சொன்னார்.

காவலூர் ஏன்?

அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம். ஆனா 1953-ல் திரும்பி வந்துட்டார். 1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார். அங்கே சூரியனை ஆராயலாம். இரவு வானத்துக்கு மேகம் பெரிய தொல்லை. நகர வெளிச்சம் எட்டாத இடத்தைத் தேடி ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப், 1972-ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தன. 1977-ல் யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த நிகழ்வைக் காவலூரும் பதிவு செய்தது.

அவரது பெரிய கனவு, இந்தியாவிலேயே செய்த 2.3 மீட்டர் டெலஸ்கோப். 1986-ல் அது திறக்கப்பட்டபோது அவர் இல்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்த அவர், 1982 ஆகஸ்ட் 19-ல் மியூனிக்கில் 55 வயதில் காலமானார். டெலஸ்கோப்புக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

இருட்டு போனால் என்ன ஆகும்?

தெருவிளக்கின் வெளிச்சம் மேலே போய், தூசியிலும் ஈரத்திலும் சிதறி வானத்தையே வெளுப்பாக்கும். மங்கலான நட்சத்திரங்கள் அதில் மறைந்துவிடும். பாப்பு வளர்த்த இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இயங்கும் லடாக்கின் ஹான்லே, 2022-ல் இருண்ட வான் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே விளக்குகளுக்கு மறைப்பு உண்டு. கிராமத்து இளைஞர்களே பயணிகளுக்கு வானத்தைக் காட்டுகிறார்கள்.

அந்தமானில் என்ன?

போர்ட் பிளேரும் காவலூரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. அதனால் அகத்தியர் நட்சத்திரம், தெற்குச் சிலுவை என்று தென்வானம் நன்றாகவே தெரியும். அந்த இருட்டு நமக்கு மட்டும் இல்லை. முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சுகள் வெளிச்சமான திசையைத்தான் கடல் என்று நம்பி நகரும். கரையில் விளக்கு எரிந்தால் வழி தவறிவிடும். பெருந்தோணி ஆமைகள் முட்டையிடும் கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாவில்தான் இப்போது பெரிய துறைமுகம் திட்டமிடப்பட்டுள்ளது.

பாப்புவுக்கு இருட்டைத் தேடிப் போக ஒரு மலை இருந்தது. அந்த ஆமைகளுக்கு?