எண்முகம் காட்டிய நடிகர் அலெக் கின்னஸ்

மரணத்தை வைத்து நகைச்சுவை படைப்பது கத்தி முனையில் நடப்பதற்கு ஒப்பானது. சற்றுப் பிசகினாலும் அருவருப்பே எஞ்சும். அக்கலையில் பிரித்தானியத் திரையுலகுக்குப் பெருமை சேர்த்தவர்களுள் அலெக் கின்னஸ் முதன்மையானவர்.

1914 ஏப்ரல் 2 ஆம் திகதி லண்டனில் அவர் பிறந்தபோது, பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாகவே விடப்பட்டது. தந்தை யாரென்பதை அவர் இறுதிவரை உறுதியாக அறிந்திருக்கவில்லை. விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய பின்னர் மேடை நடிகரானார். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, 1943 இல் சிசிலிப் படையிறக்கத்தில் தரையிறங்கு கலமொன்றுக்குத் தலைமை தாங்கினார்.

1949 இல் ரொபர்ட் ஹேமரின் இயக்கத்தில் ஈலிங் கலையகம் தயாரித்த 'கைன்ட் ஹார்ட்ஸ் அன்ட் கொரொனெட்ஸ்' அவரது புகழை உயர்த்தியது. பாடகரொருவரை மணந்தமைக்காகப் பிரபு குடும்பமொன்று தன் மகளை ஒதுக்கிவிடுகிறது. இறந்த பின்னரும் குடும்பக் கல்லறையில் அவளுக்கு இடமில்லை. அவளுடைய மகனோ பட்டத்தை அடைவதற்காக உறவினரை ஒருவர் பின் ஒருவராகக் கொல்லத் தொடங்குகிறான். தளபதி, மதகுரு, பெண்ணுரிமைப் போராளி என அக்குடும்பத்தினர் எண்மராகவும் கின்னஸ் ஒருவரே நடித்தார்.

இதில் எவரும் உரத்துப் பேசுவதில்லை. கொலைகாரன் மிகுந்த பண்போடு தன் கதையைக் கூறுகிறான். குலப்பெருமையின் போலித்தனமே நகைப்புக்குள்ளாகிறது. தந்தை பெயரறியாத ஒருவர் ஒரு பிரபு பரம்பரையையே தன் முகத்தில் ஏந்திக் கேலிக்குள்ளாக்கினார். சாதியும் சீதனமும் குடும்பக் கௌரவமும் பேசும் நம் சமூகங்களுக்கும் அந்தக் கேலி பொருந்தும்.

இலங்கைக்கும் அவருக்கும் தொடர்புண்டு. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும் களனி கங்கையின் மேற்பகுதியில், கித்துல்கலவில், டேவிட் லீனின் 'குவாய் நதிப் பாலம்' படமாக்கப்பட்டது. 1957 இல் வெளியான அப்படம் அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றுத் தந்தது.

'லோரன்ஸ் ஒஃப் அரேபியா'வில் (1962) அவர் இளவரசர் பைசலாகவும், 'எ பெசேஜ் டு இந்தியா'வில் (1984) பிராமணப் பேராசிரியராகவும் தோன்றினார். அரபியரையும் இந்தியரையும் வெள்ளையர் ஒப்பனையிட்டு நடித்தமை இன்று கண்டிக்கப்படுகிறது, அக்கண்டனம் நியாயமானதே. எம்முகத்தையும் அணியும் ஆற்றலுக்கும் எல்லையுண்டு.

கின்னஸ் 2000 ஓகஸ்ட் 5 இல் காலமானார். பட்டம் பிறப்பினாலேயே வருமென நம்பிய குடும்பத்தை நடித்துக் காட்டியவருக்கு, 1959 இல் 'சேர்' பட்டம் உழைப்பினாலேயே கிடைத்தது.