பச்சைக் காடு, வெள்ளையாகத் தெரிந்த போட்டோ: யார் இந்த ராபர்ட் வுட்?

காட்டுக்கு மேலே விமானம் பறக்குது. கீழே எந்த மரம் நல்லா இருக்கு, எது வாடத் தொடங்கிடுச்சு என்று அதில் இருக்கும் கேமரா பிரித்துக் காட்டுகிறது. நம் கண்ணுக்கு எல்லாமே பச்சைதான். கேமராவுக்கு மட்டும் எப்படித் தெரியுது?

இதற்கு அடிப்படை 'வுட் எஃபெக்ட்'. வுட் என்றால் மரம்னு நினைச்சிடாதீங்க. அது ஒரு விஞ்ஞானியின் பெயர்!

பொய்யை உடைத்தவர்

ராபர்ட் வில்லியம்ஸ் வுட் 1868-ல் அமெரிக்காவில் பிறந்தவர். 1901 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஒளிதான் அவரது துறை.

1903-ல் பிரான்ஸ் விஞ்ஞானி பிளாண்ட்லோ, 'என்-கதிர்' என்ற புதிய கதிரைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். பலரும் நம்பினார்கள். அடுத்த ஆண்டு அந்த ஆய்வகத்துக்கே போன வுட், இருட்டறையில் யாருக்கும் தெரியாமல் கருவியில் இருந்த முப்பட்டகத்தை எடுத்துவிட்டார். அப்போதும் கதிர் தெரிவதாகவே சொன்னார்கள். குட்டு உடைந்தது!

1910-ல் நடந்தது என்ன?

இல்லாத கதிரை அம்பலப்படுத்தியவர், கண்ணுக்குத் தெரியாத நிஜ ஒளியைப் படம் பிடித்தார். அகச்சிவப்பு ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரை மாட்டி எடுத்த படங்களை 1910-ல் வெளியிட்டார். அதில் வானம் கறுப்பு. மரங்களோ பனி கொட்டியது போல வெள்ளை.

காரணம் இதுதான். இலையின் பச்சையம் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அகச்சிவப்பை அது தடுக்காது. இலைக்குள் இருக்கும் செல் சுவர்களும் காற்று இடைவெளிகளும் அந்த ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பிவிடும். இலையின் உள்ளமைப்பு கெட்டால், திரும்பி வரும் ஒளியும் குறையும்.

போரில் இருந்து காட்டுக்கு

இரண்டாம் உலகப் போரில் இது கைகொடுத்தது. அகச்சிவப்பு கலர் ஃபிலிமில் உயிருள்ள இலை சிவப்பாக விழும். பச்சை பெயின்ட் பூசி மறைத்த பீரங்கி வேறு நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். போருக்குப் பிறகு அதே ஃபிலிம் பயிர் நோய், மர நோய் கண்டறியப் பயன்பட்டது.

அடுத்து வந்தது நாசாவின் 'அவிரிஸ்'. விமானத்தில் பொருத்தும் இந்தக் கருவி, ஒளியை 224 பட்டைகளாகப் பிரித்துப் பதிவு செய்யும். அதன் அடுத்த தலைமுறைக் கருவியோடு 2015-16-ல் இஸ்ரோவும் நாசாவும் இந்தியாவில் பறந்து ஆய்வு செய்தன. நம்ம முதுமலைக் காடும் அதில் படமானது.

ஒரு காட்டில் லட்சக்கணக்கான மரங்கள். ஒவ்வொன்றையும் நடந்துபோய்ப் பார்ப்பது முடியாத காரியம். எங்கே முதலில் போகணும் என்பதை இந்தப் படங்கள் சொல்லும். ஆனால் படத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. வறட்சியா, பூச்சியா, நோயா என்று தரையில் இறங்கிச் சரிபார்த்தே ஆகணும். நான்சி நகர இருட்டறையில் வுட் செய்ததும் அதைத்தானே?

1955-ல் வுட் மறைந்தார். முதல் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது அதற்கு 2 ஆண்டுகள் கழித்துத்தான்.