ஹெலன் கெல்லருக்கு அன்று கருணை... நீலகிரி மாணவிக்கு இன்று சட்டம்! தேர்வு அறையில் என்ன உரிமை இருக்கு?

கோத்தகிரியில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதப்போகும் பார்வையற்ற மாணவி ஒருவர், சொல்வதை எழுதுபவரையும் கூடுதலாக ஒரு மணி நேரத்தையும் கேட்டு வாங்க இன்று வழி இருக்கு. ஸ்கூல் மனசு வெச்சுக் கொடுக்கிற உதவி இல்லை அது. உரிமை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது? நாம எல்லாரும் பாடப்புத்தகத்தில் படித்த ஹெலன் கெல்லரின் கதையிலேயே பதில் இருக்கு. பாடப்புத்தகம்தான் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டது.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 1880 ஜூன் 27-ல் பிறந்தவர் ஹெலன். 19 மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த நோய், பார்வையையும் கேட்கும் திறனையும் பறித்தது. 1887 மார்ச்சில் ஆசிரியை ஆன் சல்லிவன் வீட்டுக்கு வந்தார். அடுத்த மாதமே, தண்ணீர் பம்ப் அருகில் உள்ளங்கையில் விரலால் எழுதிய எழுத்துகள் ஒரு பொருளின் பெயர் என்பது ஹெலனுக்குப் புரிந்தது. பாடப்புத்தகம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். ஆனா உண்மையான போராட்டம் பள்ளியில்தான்.

ஹார்வர்டுடன் இணைந்த பெண்கள் கல்லூரியான ராட்கிளிஃபில் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்காக 1896-ல் கேம்பிரிட்ஜில் ஒரு சாதாரண பெண்கள் பள்ளியில், பார்வையும் செவித்திறனும் உள்ள மாணவிகளோடு சேர்ந்தார். சல்லிவன் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை முழுக்க அவர் கையில் எழுதிக்காட்டினார். புள்ளி எழுத்துப் புத்தகங்கள் நேரத்துக்கு வரவில்லை. கரும்பலகையில் போட்ட ஜியாமெட்ரி படங்களைப் புரிந்துகொள்ள, குஷன் மீது கம்பிகளை வளைத்து வைத்துத் தடவிப் பார்த்தார்.

1897-ல் முதல் கட்ட நுழைவுத்தேர்வு. பள்ளித் தலைவர் ஆர்தர் கில்மன் விரல் எழுத்தைக் கற்றிருந்தார். தனி அறையில் கேள்விகளை ஹெலன் கையில் எழுதிக்காட்டியது அவர்தான். ஹெலன் டைப்ரைட்டரில் பதில் அடித்தார். அடித்ததைக் கில்மன் மறுபடி கையில் எழுதிக்காட்ட, திருத்திக்கொண்டார். எல்லாப் பாடத்திலும் பாஸ். ஜெர்மன், ஆங்கிலம் இரண்டிலும் சிறப்புத் தகுதி.

1899-ல் இறுதிக்கட்டத் தேர்வு. இந்த முறை சல்லிவன் கேள்வித்தாளைப் படித்துக்காட்டக் கல்லூரி அனுமதிக்கவில்லை. பதிலாக, முன்பின் அறிமுகமில்லாத ஓர் ஆசிரியர் கேள்விகளை அமெரிக்க பிரெய்லில் எழுதிக் கொடுத்தார். சிக்கல் அல்ஜீப்ராவில் வந்தது. ஹெலன் கணக்குப் படித்தது இங்கிலாந்து பிரெய்லில். இரண்டிலும் குறியீடுகள் வேறு வேறு. தேர்வுக்கு இரண்டு நாள் முன்புதான் இது தெரியவந்தது. முந்தின நாள் இரவு வரை அடைப்புக்குறி எது, வர்க்கமூலக் குறி எது என்று குழம்பிக்கொண்டிருந்தார். அப்படியும் பாஸ். 1904-ல் பி.ஏ. முடித்தார். பார்வையும் செவித்திறனும் இல்லாத ஒருவர் அந்தப் பட்டம் வாங்கியது அதுவே முதல் முறை.

இரண்டு தேர்வு, அதே மாணவி. மாறியது அறைக்குள் யார் இருந்தார்கள் என்பதும், கேள்வி தரப்பட்ட விதமும்தான். விதியை மாற்றியபோது, தட்டிக்கேட்க அவரிடம் எந்தச் சட்டமும் இல்லை. 1955-ல் இந்தியா வரை பயணம் செய்து பார்வையற்றோருக்காகப் பேசியவர், 1968-ல் இறந்தார். அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்விக்கான தனிச்சட்டம் 1975-ல்தான் வந்தது.

சரி, இங்கே சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் 1995 சட்டத்துக்குப் பதிலாக வந்த 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கு. பிரிவு 16-ன்படி, பாகுபாடு இல்லாமல் சேர்க்கணும் என்ற விதி அரசுப் பள்ளிக்கு மட்டும் இல்லை, அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் பொருந்தும். ஊட்டி, குன்னூர் பக்கம் தனியார் பள்ளிகள் நிறைய என்பதால் இது முக்கியம். ஒரு குறை: இந்தப் பிரிவு அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்ற தொனியில்தான் தொடங்குது. இன்னும் கறாராக எழுதியிருக்கலாம்.

பிரிவு 17-ல்தான் ஹெலனின் 1899 பிரச்சினைக்கு நேரடி பதில். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றை அது குறிப்பிடுது. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிப்பு உள்ள 6 முதல் 18 வயதுக் குழந்தைக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது பிரிவு 31.

இது காகிதத்தோடு நிற்கவில்லை. நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்ட ஒரு மாணவியின் வழக்கில், தேர்வு நடத்திய அமைப்பு செய்தது தவறு என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

நடைமுறைக்கு வருவோம். பொதுத்தேர்வுச் சலுகைக்கு மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்கணும். பள்ளி மறுத்தால், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் ஊட்டியில் இருக்கு. எருமாடு, பந்தலூர் பக்கத்திலிருந்து ஒரு எஸ்டேட் தொழிலாளி அங்கே போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். சான்றிதழ் வேலையைத் தேர்வு நெருங்கும்வரை தள்ளிப்போடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவைப்பது நல்லது.